போனின் சாவி யாரிடம்? பூட்லோடர் முதல் வங்கி ஆப் வரையிலான பூட்டுகள்: ஒரு விளக்கம்

“மின் கட்டணம் பாக்கி. இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, கூடவே ஓர் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு. மறுநாள் போக்குவரத்து அபராத ரசீது என்று இன்னொன்று. முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வரும். சென்னையில் இவற்றில் ஒன்றையாவது பார்க்காத குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு மருந்து என்று சொல்லித்தான் 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் எந்த வழியாக ஆப் நிறுவினாலும், அதை உருவாக்கியவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்கும் திட்டம் இது. “இப்போதாவது செய்தார்களே” என்றது ஒரு தரப்பு. “காசு கொடுத்து வாங்கிய போனில் எதைப் போடுவது என்று முடிவு செய்ய இவர்கள் யார்?” என்றது மறுதரப்பு.

இரு தரப்பும் ‘பூட்டு’ என்று ஒருமையில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். போனில் இருப்பது ஒரு பூட்டு இல்லை.

நான்கு வெவ்வேறு பூட்டுகள்

1. துவக்கப் பூட்டு: போன் ஆன் ஆகும்போது எந்த இயங்குதளம் ஓடலாம் என்று தீர்மானிப்பது. பூட்லோடர் லாக் என்பது இதைத்தான்.

2. நிறுவல் பூட்டு: எந்த ஆப் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது. ஐபோனின் ஆப் ஸ்டோர் கட்டுப்பாடு, ஆண்ட்ராய்டின் ‘அறியாத இடத்திலிருந்து நிறுவல்’ எச்சரிக்கை, மேலே சொன்ன அடையாளப் பதிவு எல்லாம் இதில் அடங்கும்.

3. சான்றுப் பூட்டு: எங்கோ இருக்கும் வங்கியின் சர்வர், “இந்தப் போன் எந்த நிலையில் இருக்கிறது?” என்று கேட்டு, வரும் பதிலைப் பார்த்து ஆப்பை ஓடவிடுவதோ மறுப்பதோ. அட்டெஸ்டேஷன் என்பார்கள்.

4. திருட்டுப் பூட்டு: போனை அழித்துத் துடைத்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பது. ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1 பதிப்போடு வந்த எஃப்ஆர்பி, ஐபோனில் ஆக்டிவேஷன் லாக்.

ஒவ்வொன்றும் வேறு எதிரிக்காக வைத்தது. முதலாவது, போனைக் கையில் எடுத்துவிட்டவனுக்கு. இரண்டாவது, தூரத்திலிருந்து ஏமாற்றுகிறவனுக்கு. மூன்றாவதின் பார்வையில் எதிரி சில சமயம் போனின் உரிமையாளரே. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மேலே பேச முடியாது.

துவக்கப் பூட்டு உள்ளே எப்படி வேலை செய்கிறது

போனின் சில்லில் பூட் ரோம் என்ற சிறிய நிரல் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அதை யாராலும் மாற்ற முடியாது, தயாரித்தவராலும்கூட. நிறுவனத்தின் பொதுச் சாவியின் அடையாளம் சில்லில் உள்ள மின் உருகிகளில் எரிக்கப்பட்டிருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் பூட் ரோம் அந்தச் சாவியைக் கொண்டு, இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் சரிபார்க்கிறது. கெர்னல், சிஸ்டம் பகுதியை மொத்தமாகச் சரிபார்க்காமல், ஒவ்வொரு துண்டையும் படிக்கும் நேரத்தில் சரிபார்த்துக்கொண்டே போகிறது. எங்காவது ஒரு பிட் மாறியிருந்தாலும் சங்கிலி அங்கே அறுந்துவிடும். பழைய, ஓட்டை தெரிந்த பதிப்பை வேண்டுமென்றே திரும்பப் போடாதபடி ஒரு பதிப்பு எண்ணும் பாதுகாப்பான நினைவகத்தில் குறித்து வைக்கப்படுகிறது.

இதன் முடிவை ஆண்ட்ராய்டு நான்கு நிறங்களால் சொல்கிறது. பச்சை என்றால் நிறுவனத்தின் சாவியோடு பூட்டியிருக்கிறது. மஞ்சள் என்றால் உரிமையாளர் பதித்த சாவியோடு பூட்டியிருக்கிறது. ஆரஞ்சு என்றால் பூட்டே இல்லை. சிவப்பு என்றால் சரிபார்ப்பு தோற்றுவிட்டது, போன் துவங்காது.

பூட்லோடரைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் ஏன் அழிகிறது என்பது அடிக்கடி வரும் கேள்வி. இதை நிறுவனம் தரும் தண்டனை என்று நினைப்பவர்கள் உண்டு. காரணம் வேறு. உங்கள் படங்களும் செய்திகளும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவிகள் துவக்க நிலையோடு பிணைக்கப்பட்டவை. அழிக்காமலே பூட்லோடரைத் திறக்க முடிந்தால், பத்து நிமிடம் போனைக் கையில் வைத்திருப்பவர் திருத்திய இயங்குதளம் ஒன்றை ஏற்றிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மேசையில் திரும்ப வைத்துவிடலாம். அடுத்த முறை நீங்கள் பின் எண்ணைப் போடும்போது அது அவரிடம் போய்ச்சேரும். துடைத்து அழிப்பதால் திருடனுக்குத் தரவு கிடைக்காது. ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வரும் எச்சரிக்கைத் திரையால் மாற்றம் நடந்ததை மறைக்க முடியாது.

இந்தத் துறையில் இதுவரை வந்த சமரசங்களில் மிகச் சிறந்தது இதுதான் என்று சொல்லலாம். உரிமையாளரிடம் சாவி இருக்கிறது, பயன்படுத்தினால் விலை உண்டு, பயன்படுத்தியது எல்லோருக்கும் தெரியும். வருத்தம் என்னவென்றால், நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இதைக் கைவிடுகின்றன. ஹுவாவெய் 2018-இல் அன்லாக் குறியீடு தருவதையே நிறுத்தியது. ஷாவ்மி கணக்கைப் போனோடு இணைத்த பிறகு பல மாடல்களுக்கு 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது, ஹைப்பர்ஓஎஸ் வந்தபிறகு விதிகளை இன்னும் இறுக்கியது. சாம்சங்கில் அனுமதியில்லாத நிரலை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின் உருகி நிரந்தரமாக எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே ஏற்றி மறுபடி பூட்டினாலும், தனிப்பட்ட கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது. ஐபோனில் கதவே கிடையாது, சுவர்தான்.

திறப்பவர்கள் செய்யும் தவறுகளையும் சொல்ல வேண்டும்.

1. திறப்பது, வேறு ரோம் (மாற்று இயங்குதளம்) போடுவது, ரூட் செய்வது மூன்றும் தனித்தனி. வேறு ரோம் போட்டுவிட்டு ஆரஞ்சு நிலையிலேயே விட்டால் மேலே சொன்ன சங்கிலி முழுவதும் போய்விடுகிறது. பிக்சல் போன்ற சில போன்களில் சொந்தச் சாவியைப் பதித்து மஞ்சள் நிலையில் மறுபடி பூட்டலாம். பாதுகாப்பை முன்வைக்கும் மாற்று ஆண்ட்ராய்டான கிராஃபீன்ஓஎஸ் இயங்குவது அப்படித்தான்.

2. ரூட் என்றால் ஆப்களுக்கு இடையே உள்ள சுவரைத் தாண்டும் உரிமை. அந்த உரிமை கிடைத்த ஒரு கெட்ட ஆப், உங்கள் யுபிஐ ஆப்பின் தரவையும் படிக்கலாம்.

3. மாற்றிய சிஸ்டம் உள்ளே இருக்கும்போதே நிறுவனச் சாவியோடு மறுபடி பூட்டினால் சிவப்புத் திரை வரும். அதற்குமுன் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ ஸ்விட்சை அணைத்திருந்தால் திரும்பத் திறக்கவும் வழியில்லை. போன் கல்லாகிவிடும். பூட்டுவதற்கு முன் நிறுவனத்தின் அசல் மென்பொருளை முழுமையாக ஏற்றி, ஒருமுறை வீட்டுத் திரை வரை துவங்குகிறதா என்று பார்த்தபிறகே பூட்ட வேண்டும்.

பின்வாசல் எல்லோருக்கும் பின்வாசல்தான்

முன்வாசலை அடைத்தால் ஆட்கள் பின்வாசலுக்குப் போவார்கள். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் ‘டெஸ்ட் பாயிண்ட்’ என்ற சொல் சகஜம். குவால்காம் சில்லு உள்ள போர்டில் குறிப்பிட்ட இரு புள்ளிகளை ஷார்ட் செய்து கேபிளைச் சொருகினால் போன் அவசரப் பதிவிறக்க நிலைக்குப் போகும். கணினியில் 9008 என்ற எண்ணோடு தெரியும். அங்கிருந்து வேலை செய்ய நிறுவனம் கையொப்பமிட்ட ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்புகள் பல மாடல்களுக்குக் கசிந்திருக்கின்றன. பழைய மீடியாடெக் சில்லுகள் பலவற்றில் பூட் ரோமிலேயே ஓட்டை இருந்ததால் கோப்பும் தேவைப்படவில்லை.

ஐபோனுக்கும் இது நடந்தது. 2019 செப்டம்பரில் வெளியான செக்மேட் என்ற ஓட்டை, ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை எல்லாவற்றின் பூட் ரோமையும் பாதித்தது. ரோம் என்பதால் அப்டேட் கொடுத்து அடைக்க முடியாது. கேபிளோடு கையில் போன் இருந்தால்தான் பயன்படும். 5எஸ் முதல் வந்தவற்றில் பாஸ்கோடைக் காக்கும் செக்யூர் என்கிளேவ் தனிப்பகுதி என்பதால், இந்த ஓட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டிய போனின் தரவை அள்ளிவிட முடியாது. ஆய்வாளர்களுக்கோ இது வரமாக அமைந்தது. ஐஓஎஸ்-இன் உள்ளே எட்டிப்பார்க்க, கேட்காமலே ஒரு ஜன்னல் கிடைத்தது.

செத்த போனிலிருந்து குழந்தையின் படங்களை மீட்க வந்தவர், ஆய்வு செய்யும் மாணவர், திருட்டுப் போனை விற்க வந்தவன் மூவரும் இந்தப் பின்வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். துடைத்து அழித்து, எச்சரிக்கை காட்டித் திறக்கும் முன்வாசல் திருடனை மட்டும் வரிசையிலிருந்து கழித்துவிடுகிறது.

நிறுவல் பூட்டு: ஏபிகே மோசடி எப்படி நடக்கிறது

பூட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரிய, மோசடியின் படிகளைப் பார்க்க வேண்டும்.

1. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டதும், “இந்த இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கிறீர்களா?” என்று போன் கேட்கும். பதற்றத்தில் இருப்பவர் ஆம் என்பார்.

2. முதலில் வருவது வெறும் கூடு. “அப்டேட் செய்யவும்” என்று காட்டி உண்மையான தீநிரலை அது இரண்டாவதாக இறக்கும்.

3. எஸ்எம்எஸ் படிக்கும் உரிமை அல்லது அறிவிப்புகளைப் படிக்கும் உரிமை கேட்கும். ஓடிபி இப்படித்தான் போகிறது.

4. அக்செஸிபிலிட்டி உரிமை கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டவும், அவர்களுக்குப் பதில் பட்டனை அழுத்தவும் வைத்த வசதி அது. மோசடிக்காரன் கையில் அதுவே திரையைப் படித்து, பட்டனை அழுத்தும் கருவி.

2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, ஆப் கடைக்கு வெளியிலிருந்து வந்த ஆப்களுக்கு அறிவிப்பு, அக்செஸிபிலிட்டி உரிமைகளை முதலில் மறுத்தது. நல்ல யோசனை. ஆனால் ஆப் கடைகள் பயன்படுத்தும் நிறுவல் முறைக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. இரண்டாம் படியில் வரும் ‘கூடு’ அந்த முறையையே பயன்படுத்தித் தப்பித்தது. 2024 அக்டோபரில் இந்தியாவுக்கும் அறிவிக்கப்பட்ட, கூகுளின் பிளே புரொடெக்ட் திட்டம் இன்னும் நேரடியானது. இணையம், வாட்ஸ்அப், கோப்பு மேலாளர் வழியாக வரும் ஆப், மேலே சொன்ன எஸ்எம்எஸ், அறிவிப்பு, அக்செஸிபிலிட்டி உரிமைகளைக் கேட்டாலே நிறுவலைத் தடுத்துவிடும். இது நடத்தையைப் பார்த்துப் போடும் பூட்டு. நோய் இருக்கும் இடத்தில் மருந்து.

அடையாளப் பதிவு வேறு வகை. அது கடைக்காரரின் அடையாள அட்டையைப் பார்க்கிறது, சரக்கைப் பார்ப்பதில்லை. ஆப்பின் உள்ளடக்கத்தைச் சோதிக்கப்போவதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஒரு பெயர் மாட்டினால் அடுத்த நாள் இன்னொரு பெயரில் வருவதை இது கடினமாக்கும், உண்மை. ஆனால் வாடகைக்கு வங்கிக் கணக்கு கொடுப்பவர்களும், பிறர் பெயரில் வாங்கிய சிம்களும் கிடைக்கும் நாட்டில், வாடகை டெவலப்பர் கணக்கு மட்டும் கிடைக்காமல் போகுமா என்பதை யோசிக்க வேண்டும். இழப்பு யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. மூல நிரலிலிருந்து தானே ஆப்களைத் தொகுத்து வெளியிடும் எஃப்-டிராய்டு போன்ற இலவச மென்பொருள் களஞ்சியங்கள், பெயர் வெளியே தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் உள்ள டெவலப்பர்கள், நண்பர்கள் இருபது பேருக்காக ஆப் எழுதுபவர்கள். எதிர்ப்பு வலுத்தபிறகு 2025 நவம்பரில், ஆபத்தை அறிந்து ஏற்கும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி அமைப்பதாகக் கூகுள் சொன்னது. கணினியில் கேபிள் இணைத்து, ஏடிபி என்ற டெவலப்பர் கருவி மூலம் நிறுவுவதற்கு முதலிலிருந்தே தடை இல்லை.

அந்தத் தனி வழியின் வடிவம்தான் முக்கியம். மோசடிக்காரன் போனில் பேசிக்கொண்டே, “இதைத் தொடுங்க சார், இப்போ அதை ஆன் பண்ணுங்க” என்று வழிநடத்துகிறான். உரிமையாளருக்குக் கொடுக்கும் எந்த ஸ்விட்சும் அவனுக்கும் கொடுத்ததுதான். எச்சரிக்கை வாசகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை, அதைப் படிக்கவிடாமல் பேசுவதுதானே அவன் தொழில். இங்கே வேலை செய்வது தாமதம். எல்லோரும் திட்டும் ஷாவ்மியின் 168 மணி நேரக் காத்திருப்பு, நோக்கம் எதுவாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் சரியான திசை. ‘டிஜிட்டல் கைது’ மோசடிகளில் நாட்கணக்கில் மிரட்டி வைத்திருந்ததும் உண்டு என்பதால் தாமதம் எல்லோரையும் காப்பாற்றாது. ஆனாலும் ஒரு நாள் தாமதம் கிடைத்தால், மகனோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ “என்ன இது?” என்று கேட்க நேரம் கிடைக்கும்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, கடைக்கு வெளியே ஆப் விநியோகிப்பதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் நீக்கிய நான்கு உத்தரவுகளில் இதுவும் ஒன்று.

சான்றுப் பூட்டு: அதிகம் பாதிப்பது, குறைவாகப் பேசப்படுவது

வங்கி ஆப் கூகுளிடம் கேட்கிறது, கூகுள் தீர்ப்புச் சொல்கிறது. சேஃப்டிநெட் என்ற பழைய முறை 2025-இல் மூடப்பட்டு, பிளே இன்டெக்ரிட்டி முழுமையாக அந்த இடத்துக்கு வந்தது. தீர்ப்பு மூன்று படி: அடிப்படை, சாதனம், வலுவானது. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேற்பட்ட பதிப்புகளும் உள்ள போன்களில் ‘சாதனம்’ என்ற தீர்ப்புக்கே வன்பொருள் சான்று தேவை. ‘வலுவானது’ கிடைக்க, கடந்த ஓராண்டுக்குள் வந்த பாதுகாப்பு அப்டேட்டும் வேண்டும்.

கவனிக்க வேண்டியது: நடுப்படி சொல்வது “இந்தப் போன் பாதுகாப்பானது” என்று அல்ல, “இது கூகுள் சான்று பெற்ற மென்பொருள்” என்று. 2021-க்குப் பிறகு ஒரு பேட்ச்கூட (பாதுகாப்பு அப்டேட்) வராத ஆண்ட்ராய்டு 11 போன், பூட்லோடர் திறக்காமல் இருந்தால் நடுப்படியில் தேர்ச்சி பெறும். இந்த மாதப் பேட்ச்சோடு, மறுபடி பூட்டிய கிராஃபீன்ஓஎஸ் பிக்சல் அடிப்படைப் படியோடு நின்றுவிடும். ஓட்டை நிறைந்த வீட்டுக்கு அனுமதி, பெயர்ப்பலகை இல்லாத கோட்டைக்கு இல்லை.

சென்னைக்கு இது தூரத்து விஷயமில்லை. ஐஐடி மெட்ராஸின் பிரவர்தக் அமைப்பில் வளர்ந்த ஜாண்ட்கே ஆப்ஸ் நிறுவனத்தின் பாரோஸ், 2023 ஜனவரியில் உள்நாட்டு இயங்குதளம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டு, முன்பதித்த ஆப்கள் இல்லாமல் வந்தது. இதுபோன்ற எந்த முயற்சியும் மோதும் முதல் சுவர் தொழில்நுட்பம் அன்று, இந்தத் தீர்ப்புதான். கூகுளின் சான்று இல்லையென்றால் அதை நம்பியிருக்கும் வங்கி ஆப் திறக்காது. யுபிஐ ஓடாத போனை இந்த ஊரில் யார் வாங்குவார்? டீக்கடையில் பத்து ரூபாய்கூடக் கொடுக்க முடியாது.

மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் வன்பொருள் சாவிச் சான்றைக் கொண்டு, போன் பூட்டியிருக்கிறதா, எந்தச் சாவியால் பூட்டியது, எந்தத் தேதிப் பேட்ச் என்று வங்கியின் சர்வர் கூகுளின் தீர்ப்பைக் கேட்காமலே படிக்கலாம். ஏற்கத்தக்க இயங்குதளங்களின் சாவி அடையாளங்களை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டால் போதும். கடினமான வேலை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்து ஏதாவது நடந்தால் கேள்வி சேர்த்த அதிகாரியிடம் வரும், சேர்க்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். தடையின் உண்மையான காரணம் அங்கே இருக்கிறது.

இன்னொரு முரண்: தீர்ப்பை ஏமாற்ற விரும்புகிறவர்கள், கசிந்த சாவிப்பெட்டிகளை (வேறு போன்களின் வன்பொருள் சான்றுச் சாவிகளை) கொண்டு ரூட் செய்த போனையே பச்சையாகக் காட்டுகிறார்கள். கூகுள் அந்தச் சாவிகளை ரத்து செய்யும், புதியவை கசியும். ஒளிக்கத் தெரிந்தவன் உள்ளே, ஒளிக்காதவன் வெளியே. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆன் ஆகியிருந்தாலே ஓட மறுக்கும் பண ஆப்களும் இருக்கின்றன. ஆப் எழுதிப் பழகும் கல்லூரி மாணவர் பேருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் செட்டிங்ஸுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. ரூட் செய்த போனை வங்கி சந்தேகிப்பது நியாயம். ஆனால் அதற்கான பதில் முழு மறுப்பாக இருக்க வேண்டியதில்லை. இருப்பைப் பார்க்க விடலாம், அனுப்பும் தொகைக்குச் சிறு வரம்பு வைக்கலாம், புதியவருக்கு அனுப்பினால் சில மணி நேரம் நிறுத்தி வைக்கலாம்.

பூட்டிய போனுக்குள் ஒளிந்திருப்பவன்

ஆய்வாளர்களுக்கு ஏன் வழி வேண்டும் என்பதற்கு 2023 ஜூனில் வெளியான டிரையாங்குலேஷன் தாக்குதலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் காஸ்பர்ஸ்கை என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள். அவர்களுடைய ஐபோன்களுக்குள் உளவு நிரல் இருந்தது. கண்டுபிடித்தது போனைப் பார்த்து அல்ல, அலுவலக வைஃபையில் ஓடிய போக்குவரத்தைப் பார்த்து. போனுக்குள் நேரடியாகப் பார்க்க வழியில்லாததால் பேக்கப் எடுத்து, அதில் எஞ்சிய தடயங்களை வைத்துக் கதையைக் கட்ட வேண்டியிருந்தது. தாக்கியவர்களோ நான்கு அறியப்படாத ஓட்டைகளையும், ஆவணப்படுத்தப்படாத ஒரு வன்பொருள் வசதியையும் பயன்படுத்தி முழு உரிமையோடு உள்ளே இருந்தார்கள். காவல்காரன் வெளியே, திருடன் உள்ளே.

பெகாசஸ் என்ற உளவு நிரல் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ தீநிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

ஆப்பிள் 2020-இல் தொடங்கிய ஆய்வுச் சாதனத் திட்டம் ஒரு பாதிப் பதில். உள்ளே நுழைய அனுமதிக்கும் சிறப்பு ஐபோன் ஓராண்டுக் கடனாகத் தரப்படுகிறது, உடைமை ஆப்பிளிடமே இருக்கும், அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. யாருக்குத் தருவது என்பதும் ஆப்பிளின் முடிவு. ஐபோனைக் கணினியில் மெய்நிகராக ஓட்டிக்காட்டிய கொரெல்லியம் நிறுவனத்தின் மேல் ஆப்பிள் 2019-இல் வழக்குத் தொடுத்தது. அது நியாயமான பயன்பாடு என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2023-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

மூன்றாவது வழியும் உண்டு: போனைத் திறக்காமலே உரிமையாளருக்குச் சாட்சியம் கொடுப்பது. 2025 மே மாதம் ஆண்ட்ராய்டு 16-இன் மேம்பட்ட பாதுகாப்புப் பயன்முறையோடு அறிவிக்கப்பட்ட ஊடுருவல் பதிவு இந்த வகை. பதிவுகள் மறையாக்கத்தோடு மேகத்தில் இருக்கும், உரிமையாளர் மட்டுமே திறக்க முடியும், உள்ளே வந்தவன் அழிக்க முடியாது.

தம் போன்மேல் தீவிரமான சந்தேகம் உள்ளவர் முதலில் செய்யக்கூடாதது ரீசெட். தடயம் அதோடு போய்விடும். ஐபோன் என்றால் கணினியில் கடவுச்சொல்லிட்ட பேக்கப் எடுக்க வேண்டும், கடவுச்சொல் இல்லாத பேக்கப்பில் பல பதிவுகள் வராது. மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி 2021-இல் வெளியிட்ட எம்விடி என்ற இலவசக் கருவி, அந்தப் பேக்கப்பை அறியப்பட்ட தடயங்களோடு ஒப்பிடும். ஒன்றும் அகப்படவில்லை என்றால் போன் சுத்தம் என்று பொருளில்லை. அறியப்பட்டவை இல்லை, அவ்வளவே.

சாவி வைத்திருப்பவரிடம் அரசு கேட்டால்

உரிமையாளரால் நீக்க முடியாத இடம் ஒன்று போனில் இருந்தால், அந்த இடத்தைப் பிறரும் கேட்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, புதிய போன்களில் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்பதிக்க நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றது. திருட்டுப் போனைத் தடுக்கும் பயனுள்ள ஆப்தான் அது. சர்ச்சை வந்தது கட்டாயம் என்ற ஒரு சொல்லால்.

ஆய்வு செய்பவருக்குச் சட்டம் எங்கே நிற்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, ‘உரிமையாளரின் அனுமதியின்றி’ கணினிக்குள் நுழைவதைத் தவறு என்கிறது. தீய நோக்கமும் சேர்ந்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற நிரலின் செயல்பாட்டைக் கவனித்து, ஆராய்ந்து, சோதிப்பதை அனுமதிக்கிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ, மறையாக்க ஆய்வுக்கும், உரிமையாளர் அனுமதித்த பாதுகாப்புச் சோதனைக்கும் விலக்கு தருகிறது. நல்லெண்ணத்தோடு ஓட்டை தேடுபவருக்கென்று வெளிப்படையான பாதுகாப்புப் பிரிவு இல்லை. ஆக எல்லாம் ‘உரிமையாளர்’ யார் என்பதில் வந்து நிற்கிறது.

1. உங்கள் போனில், உங்கள் கணக்கில், ஓர் ஆப்பைப் பிரித்துப் படிப்பது ஒரு விஷயம். அந்த ஆப்பின் சர்வருக்குத் திருத்திய கோரிக்கை அனுப்புவது வேறு. சர்வரின் உரிமையாளர் நீங்கள் இல்லை.

2. நிறுவனம் ஓட்டை தேட அழைப்பு வெளியிட்டிருந்தால் அதன் எல்லையை வரிக்கு வரி படிக்க வேண்டும். சோதனைக்கு அன்றாடப் போனையும் சொந்த வங்கிக் கணக்கையும் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

3. பிறர் தரவு ஒரே ஒரு பதிவு தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘எத்தனை பேருடையது இருக்கிறது என்று பார்த்தேன்’ என்பதுதான் பலரைச் சிக்கலில் மாட்டும் வாக்கியம்.

4. நிறுவனம் பதில் தராவிட்டால், இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது. ஓட்டைகளுக்கு சிவிஇ என்ற உலகப் பொது அடையாள எண் வழங்கும் அதிகாரமும் அதற்கு உண்டு.

5. ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாளமான ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது எந்த நோக்கத்திலும் ஆய்வாகாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

பழைய போன் வாங்கும்போது இந்த நான்கு பூட்டும்

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கைமாறும் போனில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் சோதனைக்கு வரும்.

1. *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை, பெட்டியிலும் ரசீதிலும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று தெரியும்.

2. விற்பவர் தம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்முன் நீக்க வேண்டும். “வீட்டுக்குப் போய் ரீசெட் போட்டுக்கோங்க” என்றால் வாங்காதீர்கள். ரீசெட்டுக்குப் பிறகுதான் எஃப்ஆர்பி கடவுச்சொல் கேட்கும்.

3. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பகுதியில் பாகங்களின் வரலாறு இருக்கும். ஐஓஎஸ் 18 முதல், திருட்டுப் போனிலிருந்து கழற்றிய டிஸ்பிளே, கேமரா, பேட்டரியும் ஆக்டிவேஷன் லாக்கில் சிக்கலாம்.

4. போனை முழுக்க அணைத்து மறுபடி இயக்கிப் பாருங்கள். கடைக்காரர் எப்போதும் ஆன் செய்த போனைத்தான் நீட்டுவார். துவங்கும்போது சில விநாடிகள் ‘பூட்லோடர் திறந்திருக்கிறது’ என்ற எச்சரிக்கை வந்தால், உள்ளே ஓடுவது நிறுவனத்தின் மென்பொருள்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அசல் மென்பொருளை ஏற்றிப் பூட்டிய பிறகே அதில் சிம்மைப் போடுங்கள்.